விலைக்கு வாங்கிய குரல்

குடிநீர் வழங்கல் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் அவளை எல்லோரும் வண்டக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பக்கத்து மேசையில் தட்டச்சு செய்யும் பெண் வைத்த பெயர் அது. அவளுடைய ஹெட்போனிலிருந்து கசிந்த சத்தத்தை முதல்முறை கேட்டபோது, "என்னக்கா இது, காதுக்குள்ள வண்டு புகுந்த மாதிரி? எப்படித்தான் பொறுத்துக்கிறீங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

அது பேச்சு. திரையில் இருப்பதையெல்லாம் வாய்விட்டுப் படிக்கும் ஒரு மென்பொருளின் பேச்சு. மனிதர்கள் பேசுவதைவிடப் பல மடங்கு வேகத்தில் அதை அவள் ஓடவிட்டிருந்ததால் மற்றவர்களுக்கு வெறும் ரீங்காரமாகக் கேட்டது. அவளுக்கு ஒரு சொல் தவறாது. பெயர் பிடித்துப்போனதால் அவளும் அதை மறுக்கவில்லை.

பள்ளிப்படிப்பு முடிவதற்குள் அவளுக்குப் பார்வை முழுவதும் போய்விட்டிருந்தது. பிறகு சேர்ந்த பயிற்சி நிலையத்தில் ஆசிரியர் ஒரு பென் டிரைவில் இந்த மென்பொருளைப் போட்டுக் கொடுத்தார். "ஓப்பன் சோர்ஸ்மா. யார் யாரோ எங்கெங்கயோ உக்காந்து எழுதிச் சும்மா கொடுக்கிறாங்க. பிடிக்கலன்னா உள்ள திறந்து நாமளே மாத்திக்கலாம்" என்றார். உள்ளே திறந்து மாற்ற அவளுக்குத் தெரியாது. ஆனால் அதை எழுதுகிறவர்களுக்கு மின்னஞ்சல் போடத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அலுவலகப் புகார்த் திரையில் தெருக்களின் பட்டியலை மட்டும் அந்த மென்பொருளால் படிக்க முடியவில்லை. எழுதிப் போட்டாள். முகம் தெரியாத ஒரு வெளிநாட்டுக்காரர் பதில் எழுதினார். இதை அனுப்பு, அதை அனுப்பு என்று சில நாட்கள் கேட்டுவிட்டு, கடைசியில் மென்பொருளோடு சேர்த்துக்கொள்ளும்படி சில வரிக் கட்டளைகளாக ஒரு சின்ன இணைப்பை எழுதி அனுப்பினார். அதைச் சேர்த்ததும் பட்டியல் பேசியது. அதற்குப் பிறகு யாராவது அவளுடைய மென்பொருளைப் பற்றி வாயெடுத்தால் இந்தக் கதையை முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் போக முடியும்.

ஒரு நாள் காலை அது ஊமையாகிப்போனதும் உண்டு. முந்தைய நாள் வந்த ஏதோ புதுப்பிப்பில் கோளாறு. கூப்பிட்டுக் கேட்கத் தொலைபேசி எண் இல்லை, சத்தம் போட ஆள் இல்லை. தட்டச்சுப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கப் படிக்க அந்த நாளை ஓட்டினாள். மறுநாள் அதுவாகவே சரியாகிவிட்டது. அந்தக் கதையை அவள் வெளியில் யாருக்கும் சொல்வதில்லை.

இப்படி வருடங்கள் ஓடிய பிறகு புதிதாக ஒரு மேலதிகாரி வந்தார். நல்ல மனிதர். வந்த வாரமே ஒவ்வொரு மேசையாகப் போய் என்ன குறை என்று கேட்டார். புகார்ப் பிரிவுக்கு வந்தவர் அவளுடைய ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு உடனே கழற்றினார்.

"இது எந்தக் கம்பெனியோடது?"

"கம்பெனி எதுவும் இல்லைங்க சார். இலவசம்தான். யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம்."

"இலவசமா?" என்றார். உடன் வந்தவர்கள் பக்கம் திரும்பினார். "இவ்வளவு பெரிய ஆபீஸ்ல ஒருத்தங்களுக்கு உருப்படியா ஒண்ணு வாங்கிக் கொடுக்க முடியலையா? இந்த ஓசிக் குரல வச்சுக்கிட்டா இவங்க இத்தனை வருஷம் குப்பை கொட்டினாங்க?"

"நல்லாத்தான் இருக்கு சார்."

"வேற எதையாவது பாத்திருக்கீங்களா?"

"இல்ல சார்."

"அதான்" என்றார் அவர்.

அவர் சொன்னது சரிதான் என்று வண்டக்காவுக்கும் பட்டது. வேறு மென்பொருள்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறாள், தொட்டதில்லை.

மேலதிகாரி சொன்னதைச் செய்கிற ஆள். பல மேசைகளைத் தாண்டி, பல கையெழுத்துகளை வாங்கி, வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் விலை உயர்ந்த மென்பொருளை வரவழைத்தார். கூட்ட அறையில் வைத்து அவளுக்கு அதைக் கொடுத்தார்கள். பெட்டி கனமாக இருக்கும் என்று நினைத்துக் கையை நீட்டியவளுக்கு அது காற்று மாதிரி இருந்தது; உள்ளே உரிம எண் அச்சிட்ட ஒரு அட்டை மட்டும். புகைப்படம் எடுத்தார்கள். மேலதிகாரி சிறிது பேசினார். மாற்றுத்திறனாளி ஊழியர் இனிமேல் இலவசத்தை நம்பி இருக்க வேண்டியதில்லை என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அவளும் தட்டினாள்.

பழையதை நீக்கிவிடும்படி கணினிப் பிரிவில் இருந்தவருக்கு உத்தரவு போனது. வண்டக்காவைவிட இளையவர் அவர். ஒரே கணினியில் இரண்டும் இருந்தால் ஒன்றோடு ஒன்று மோதும், அதற்கு மேல் வெளியார் எழுதிய இலவசச் சரக்கு பாதுகாப்பானதும் அல்ல என்று உத்தரவில் இருந்தது. "எடுத்துடவாக்கா?" என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டுவிட்டு எடுத்தார்.

புதிய குரல் பெண் குரல். மூச்சு விடுவதுபோல் இடைவெளி விட்டுப் பேசியது. வேகத்தைக் கூட்டினால் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்தன. எனவே அவள் மெதுவாகவே ஓடவிட்டாள், தட்டச்சுப் பெண்ணுக்கும் புரிகிற அளவுக்கு. "இப்பத்தான்க்கா மனுஷங்க பேசுற மாதிரி இருக்கு" என்று அந்தப் பெண் பாராட்டினாள்.

ஆனால் அதில் ஒன்று இருந்தது, பழையதில் இல்லாதது. அச்சடித்த காகிதத்தை ஸ்கேனரில் வைத்தால் அதைப் படித்தது, அதுவும் அழகாக. அட்டவணைகளைக்கூடக் கட்டம் கட்டமாகப் பிரித்துச் சொன்னது. சுற்றறிக்கை வந்தால் யாராவது ஓய்வாக இருக்கிறார்களா என்று காத்திருந்தவள் இப்போது தானே படித்தாள். உணவு இடைவேளையில் கையில் கிடைத்ததையெல்லாம் ஸ்கேனரில் வைத்தாள். அவளுடைய கணவன் மருந்துக்கடையில் வேலை பார்த்தான். மாத்திரைப் பெட்டிகளுக்குள் மடித்து வைத்திருக்கும் தாள்களை அவன் கொண்டுவந்து கொடுப்பான். மறுநாள் அவள் அலுவலகத்தில் அவற்றைப் படித்துவிட்டு வந்து மாலையில் ஒப்பிப்பாள்.

"நீங்க விக்கிற தலைவலி மாத்திரைய முழுங்கினா தலைவலி வரலாமாம். தாள்லயே போட்டிருக்கான்."

"அதை எவனும் படிக்கிறதில்ல. படிச்சா யாரு வாங்குவா?"

"நான் படிச்சேனே."

"உனக்கு இப்ப கொழுப்பு கூடிப்போச்சு" என்றான் அவன். இருவருக்கும் அந்த நாட்கள் நன்றாகத்தான் போயின.

தெருப் பட்டியல்தான் முரண்டு பிடித்தது. அம்புக்குறி விசையை அழுத்தினால் புதிய குரல், "பட்டியல், பட்டியல்" என்று மட்டும் சொன்னது. எந்தத் தெரு என்று சொல்லவில்லை. பழையதற்கு எழுதி வாங்கிய இணைப்பு இதில் சேராது. நிறுவனத்தின் உதவி எண்ணுக்குப் பேசினாள். எடுத்த பெண் பணிவாகப் பேசினாள். கோரிக்கை பதிவாகிவிட்டது, அடுத்த பதிப்பில் பரிசீலிப்பார்கள் என்றாள். எப்போது என்று கேட்டதற்கு, கோரிக்கை பதிவாகிவிட்டது என்றாள்.

மேலதிகாரியிடம் இதைச் சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. எல்லோர் முன்னிலையிலும் கொடுத்தாரே, குறை சொல்வதா என்பது ஒன்று. சொன்னால் அதை எடுத்துக்கொண்டுபோய்விட்டால் காகிதம் படிப்பதும் போய்விடுமே என்பது இன்னொன்று. பல வருடப் பழக்கத்தில் தெருக்களின் வரிசை அவளுக்கு மனப்பாடம். எத்தனையாவது தெரு என்று மனத்துக்குள் எண்ணிக்கொண்டு அத்தனை முறை விசையை அழுத்தினாள். வேலை நடந்தது.

ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரும் பெரிய குழாய் ஒரு நாள் காலை வெடித்தது. புகார்ப் பிரிவில் எல்லாத் தொலைபேசிகளும் ஒன்றாக அடித்தன. ஒரு அழைப்பை வைப்பதற்குள் அடுத்தது. வண்டக்கா தெருவை எண்ணுவதும் பதிவதுமாக மூச்சு விடாமல் வேலை செய்தாள். அவள் பதிந்த தெருக்களுக்குத் தண்ணீர் லாரிகள் போயின. அங்கே இருந்தவர்கள், "நாங்க கேக்கவே இல்லையே" என்று சொல்லிவிட்டு, வந்த தண்ணீரை விடுவானேன் என்று பிடித்துக்கொண்டார்கள். கேட்டவர்களுக்கு வரவில்லை. முதியோர் இல்லம் ஒன்றின் மேலாளர் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, மதியத்துக்குமேல் நேரிலேயே வந்து நின்றார். அவருக்குப் பின்னால் குடங்களோடு பெண்கள் வந்தார்கள்.

நடந்தது இதுதான். அந்த வாரம் பட்டியலின் மேல்பக்கத்தில் ஒரு புதிய தெருவைச் சேர்த்திருந்தார்கள். அதற்குக் கீழே இருந்த தெருக்கள் எல்லாம் ஒரு படி இறங்கிவிட்டன. அவள் பழைய கணக்கிலேயே அழுத்தியிருக்கிறாள். ஒவ்வொரு புகாரும் முந்தைய தெருவின் பேரில் பதிவாகியிருந்தது.

மாலையில் மேலதிகாரி அவளை அறைக்குக் கூப்பிட்டார். கணினிப் பிரிவுக்காரரும் வரவழைக்கப்பட்டார்.

"மறைக்காம சொல்லுங்க. அந்த ஓசி சாஃப்ட்வேர மறுபடியும் போட்டுக்கிட்டீங்களா?"

"இல்லைங்க சார்."

"பழக்கம் விடாது, எனக்குத் தெரியும். ஆனா பாருங்க, என்ன ஆச்சுன்னு. இலவசத்த நம்புனா இதான்."

"சார், நான் போய்ப் பாத்துட்டேன்" என்றார் கணினிப் பிரிவுக்காரர். "நீங்க வாங்கிக் கொடுத்ததுதான் ஓடிக்கிட்டிருந்துச்சு. பழசு அதுல இல்லவே இல்ல."

மேலதிகாரி கையிலிருந்த பேனாவைப் போட்டார். மேசைமேல் பேனா உருளும் சத்தம் கேட்டது.

"அப்போ இவங்களுக்கு இன்னும் கை பழகல" என்றார். "கம்பெனியில சொல்லி டிரெய்னிங் ஏற்பாடு பண்ணுங்க."

பட்டியல் பேசாததை அவள் அப்போதுதான் சொன்னாள். ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று அவர் கேட்டார். விளக்கம் கேட்டுத் தாள் எதுவும் கொடுக்கவில்லை, அந்த அளவுக்கு அவர் நல்லவர். ஆனால் பயிற்சி என்ற சொல் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

வீட்டில் கணவன் சட்டைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவள் கட்டிலில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள்.

"என்னோடது ஓடுதுன்னு நினைச்ச வரைக்கும் சாஃப்ட்வேர்மேல பழி. காசு கொடுத்து வாங்கினதுதான் ஓடுச்சுன்னு தெரிஞ்சதும் பழி என்மேல. எப்படி இருக்கு பாருங்க."

"எங்க கடையிலயும் இதே கூத்துதான். விலை கூடின மாத்திரை கேக்கலன்னா, 'என் உடம்பு வாகு அப்படி'ன்னுட்டுப் போவாங்க. அதே மருந்து விலை கம்மியா இருந்து கேக்கலன்னா, 'என்ன மாத்திரை கொடுத்த'ன்னு என்கிட்ட சண்டைக்கு வருவாங்க."

"அதான் சொல்றேன்."

"இரு, முடிக்கல. நீ மட்டும் என்ன? உன்னோடது ஒரு நாள் ஊமையாப் போச்சே, அன்னைக்கு என்ன சொன்ன? பாவம், சும்மா செஞ்சு தர்றவங்கள என்னன்னு கேக்குறதுன்னு சொன்ன. இந்தக் கம்பெனிக்காரன் ஒரு பட்டியல் படிக்கலன்னதும் ஏமாத்துக்காரன்னு சொல்ற. சும்மா செஞ்சா தப்பு தப்பில்லாமப் போயிடுமா?"

தேய்த்து வைத்த சட்டை ஒன்றை எடுத்து அவள் தடவிப் பார்த்தாள். பிறகு, "காலர சரியாத் தேயுங்க" என்றாள்.

பயிற்சி கொடுக்க நிறுவனத்திலிருந்து ஆள் வரவில்லை. ஒரு பொறியாளர் அங்கிருந்தபடியே அவளுடைய கணினிக்குள் இணைந்து பார்த்தார். பார்த்துவிட்டு, கோளாறு எங்களுடையது இல்லை, உங்கள் அலுவலகத் திரையினுடையது என்றார். ஒரு திரையை உருவாக்குகிறவர்கள் அதில் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் உள்ளுக்குள் ஒரு பெயர் வைக்க வேண்டுமாம். கண்ணால் பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது. படித்துச் சொல்லும் மென்பொருளுக்கு அதுதான் ஆதாரம். இந்தப் பட்டியலில் ஒன்றுக்கும் பெயர் இல்லை.

கணினிப் பிரிவுக்காரரிடம் அவள் கேட்டாள்.

"நெசம்தான்க்கா" என்றார். "நம்ம திரையிலதான் பேரு வைக்கல."

"இத்தனை வருஷமாத் தெரியுமா?"

"தெரியும். ஆனா நான் என்ன பண்ண? செஞ்சு கொடுத்த காண்ட்ராக்டர் கம்பெனிய மூடிட்டுப் போயிட்டாரு. உள்ள எழுதி வச்சதெல்லாம் அவருகிட்ட. எங்கிட்ட இருக்கிறது ஓடுது, அவ்வளவுதான். திறந்து பாக்க வழியில்ல."

காசு கொடுத்து வாங்கிய ஒன்று, காசு கொடுத்து வாங்கிய இன்னொன்றோடு பேச மறுத்தது. நடுவில் இலவசமாக வந்தவர் ஒருவர் ஒட்டுப் போட்டுக் கொடுத்ததால்தான் அவளுடைய வேலை அதுவரை நடந்திருக்கிறது.

அவள் அந்த வெளிநாட்டுக்காரருக்கு எழுதினாள். நீங்கள் செய்த இணைப்பை இந்த நிறுவனத்துக்குக் கொடுக்கலாமா என்று கேட்டாள். தாராளமாக, அது யாருக்கும் மூடி வைத்ததில்லை என்று பதில் வந்தது. நிறுவனத்துக்கு எழுதினாள். வெளியார் எழுதியதைச் சேர்ப்பது எங்கள் கொள்கையில் இல்லை என்று பதில் வந்தது. கோரிக்கையும் பதிவாகியிருந்தது.

அதற்குப் பிறகு கணினிப் பிரிவுக்காரருக்கு என்ன தோன்றியதோ, அந்த இணைப்பைத் திறந்து வரி வரியாகப் படிக்க ஆரம்பித்தார். விலை உயர்ந்த மென்பொருளிலும் வெளியிலிருந்து சிறு கட்டளைகளை எழுதிச் சேர்க்க ஒரு வாசல் இருந்தது; நிறுவனம் செய்யாது, வேண்டுமானால் வாங்கியவர் செய்துகொள்ளலாம். வேலைக்கு நடுவே கிடைத்த நேரத்தில் உட்கார்ந்து, வெளிநாட்டுக்காரரின் வழியைப் பின்பற்றி, இதற்கும் அப்படி ஒன்றை எழுதினார். பல நாட்கள் இழுத்தது. ஒரு நாள் மதியம் அம்புக்குறியை அழுத்தியபோது அந்தப் பெண் குரல் தெருவின் பெயரைச் சொன்னது.

மேலதிகாரி வந்து கேட்டார். பட்டியல் ஒழுங்காகப் பேசியது. அவருடைய குரலில் திருப்தி தெரிந்தது.

"நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா? காசு கொடுத்து வாங்கினா பின்னால ஒருத்தன் நின்னு சரிபண்ணிக் கொடுப்பான். இலவசத்துல இது நடக்குமா?"

கணினிப் பிரிவுக்காரர் செருமினார். வண்டக்கா, "ஆமாங்க சார்" என்றாள். அவர் போன பிறகு தட்டச்சுப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

இதோடு முடிந்திருந்தால் அவளும் தன் பங்குக்கு ஒரு கதையைச் சேர்த்துவைத்திருப்பாள். சில நாட்கள் கழித்துக் கணினிப் பிரிவுக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளருகில் உட்கார்ந்தார்.

"அக்கா, அந்த வெளிநாட்டுக்காரர் எழுதினதுல ஒரு தப்பு இருக்கு. தெருப் பேருல முதல் ரெண்டு வார்த்தையத்தான் அது எடுக்குது. நம்ம பாஷை அவருக்குத் தெரியாதில்ல, ரெண்டு வார்த்தைக்கு மேல இருக்காதுன்னு நினைச்சிட்டாரு போல."

"அதனால என்ன?"

"மேட்டுத் தெருன்னு ஒண்ணு இருக்கு. மேட்டுத் தெரு கிழக்குன்னு ஒண்ணு இருக்கு. ரெண்டையும் அது மேட்டுத் தெருன்னுதான் சொல்லியிருக்கும்."

அவளுக்கு அப்போது விளங்கிவிட்டது. பட்டியலில் மேட்டுத் தெரு இரண்டு முறை வருவதை அவள் கேட்டிருக்கிறாள். யாரோ அசட்டையாக இரண்டு தடவை ஏற்றிவிட்டார்கள் என்று நினைத்து, எப்போதும் மேலே இருப்பதையே தேர்ந்தெடுத்தாள். மேட்டுத் தெரு கிழக்கு என்று யாராவது சொன்னால் மேட்டுத் தெருவின் கிழக்குக் கோடி என்று எடுத்துக்கொண்டு, குறிப்பில் அப்படியே எழுதினாள். குழாய்க்காரர்கள் அந்தக் கோடிக்குப் போய்ப் பார்ப்பார்கள். அங்கே எல்லாம் சரியாக இருக்கும். குறை இல்லை என்று எழுதிவிட்டு வந்துவிடுவார்கள். மேட்டுத் தெரு கிழக்கு என்பது ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் வேறு தெரு. அங்கிருந்து கூப்பிடுகிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே சண்டை போடுவார்கள். அவர்களுக்கு வாய் நீளம் என்று புகார்ப் பிரிவில் பெயர். அந்தப் பெயரை வைத்ததில் அவளுக்கும் பங்கு உண்டு.

"எத்தனை வருஷம்" என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை.

"நான் அவருக்கு எழுதிட்டேன்க்கா. மன்னிப்புக் கேட்டு உடனே திருத்திட்டாரு. நான் எழுதினதுலயும் அதே தப்ப அப்படியே காப்பியடிச்சு வச்சிருந்தேன். அதையும் மாத்தியாச்சு."

அன்று மாலை கணவனிடம் சொன்னாள். இப்போதும் பாவம் என்று சொல்வாளா என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை வந்திருக்கும். "அந்தத் தெருவுக்கு இப்ப ஆள் போயிருக்காங்களா?" என்று மட்டும் கேட்டான். போகச் சொல்லியிருப்பதாகச் சொன்னாள்.

மேலதிகாரி அடுத்த வருடம் மாற்றலாகிப் போனார். விலை உயர்ந்த மென்பொருளுக்கு ஆண்டுதோறும் கட்ட வேண்டிய கட்டணத்தைப் புதிதாக வந்தவர் தேவையில்லாத செலவு என்று நிறுத்திவிட்டார். இலவசமாக அதே வேலையைச் செய்வது இருக்கும்போது இது எதற்கு என்பது அவர் கட்சி. அதே வேலை இல்லை, காகிதம் படிப்பது போய்விடும் என்று வண்டக்கா எழுதிக் கொடுத்துப் பார்த்தாள். பழையதிலேயே அப்படி ஒரு வசதி இப்போது வந்துவிட்டதாமே என்றார் அவர். வந்திருந்தது. பழையதை மறுபடியும் ஏற்றிப் பார்த்தாள்; வாக்கியங்களைப் படித்தது, அட்டவணை என்றால் குழம்பிப்போனது. மாத்திரைத் தாள்களில் பாதிக்கு மேல் அட்டவணைதான். அதைப் பற்றி இரண்டு முறை எழுதிப் போட்டாள், முன்னைவிடக் கறாராக. ஒரு பதில் வந்தது. அட்டவணைதான் கடினம், முயன்றுகொண்டிருக்கிறோம் என்று.

இப்போது அவள் ஒரு பழக்கம் வைத்திருக்கிறாள். புகாரைப் பதிந்தவுடன் தொலைபேசியை வைப்பதில்லை. "ஒரு நிமிஷம் இருங்க" என்று சொல்லி, பதிந்ததைத் திறந்து, தெருவின் பெயரைக் கேட்டு, அதைக் கூப்பிட்டவருக்குத் திருப்பிச் சொல்கிறாள். அதற்கு நேரம் பிடிக்கிறது. வரிசையில் காத்திருக்கிறவர்கள் முணுமுணுக்கிறார்கள். மற்ற மேசைகளைவிட அவள் மேசையில் ஒரு நாளுக்குச் சில அழைப்புகள் குறைவு என்று பிரிவுத் தலைவர்கூடச் சொல்லிவிட்டார்.

"மேட்டுத் தெரு கிழக்கு, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். சரியாம்மா?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"அதைத்தான நான் இத்தனை வருஷமா தொண்டை கிழியக் கத்திக்கிட்டிருக்கேன்" என்றது மறுமுனை.

"பதிஞ்சாச்சும்மா. மதியத்துக்குள்ள வருவாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த அழைப்பை எடுத்தாள்.